தூங்கும் நிலத்துக்கு ஒரு சண்டை

நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மலைமேல் திருப்புலி நாட்டின் கடைசிக் குச்சிக்கிழங்குத் தோட்டம் பின்னால் போய், பாதை மரங்களுக்குள் சரிந்து இறங்கத் தொடங்கியிருந்தது. முந்தின நாள் பெய்த மழையில் கற்கள் வழுக்கின. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு வேட்டி, ஒரு சட்டை, அவித்த கிழங்கு இரண்டு. காலில் செருப்பு கிடையாது. அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு வைத்திருந்தேன். அடிவாரம் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிடும். அங்கிருந்து லாரி ஏதாவது கிடைத்தால் ராசிபுரம். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சர்வே கூடாரத்தில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியிருந்தேன். சண்டை எதுவும் இல்லை. எந்த வேலையிலும் மூன்று மாதத்துக்கு மேல் எனக்குக் கால் தரித்ததில்லை. ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டது முதல் லாரியில் கிளீனராக இருந்திருக்கிறேன், ஜவ்வரிசி ஆலையில் கிழங்குக்குத் தோல் சீவியிருக்கிறேன், கிணறு வெட்டியிருக்கிறேன், ஒரு பஞ்சாலையில் விரல் நுனியை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் மனசு லேசாக இருக்கும். அன்றைக்கு அப்படி இல்லை. அதனால் வேகமாக நடந்தேன்.

மலையில் அப்போது நிலங்களை அளந்து பதிவு செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு அதில் இரண்டு வேலை. அளக்கும் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடக்க வேண்டும். அப்படி நடக்கும்போது நிலத்தில் என்ன நிற்கிறது என்று பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். சாமை என்பேன், கேழ்வரகு என்பேன், வாழை, மிளகு என்பேன். ஒன்றும் இல்லையென்றால் தரிசு. சர்வேயர் நிழலில் உட்கார்ந்து புத்தகத்தில் எழுதுவார். எட்ட இருந்து பார்த்தால் புல்லும் பயிரும் அவருக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆகவே என் வாயில் வந்ததுதான் சர்க்கார் புத்தகத்தில் ஏறியது.

மூன்று நாளுக்கு முன்னால் ஓர் ஓடைக்கரைச் சரிவில் நின்று நான் "தரிசு" என்று கத்தினேன். இடுப்பளவு புல்லும் புதருமாகக் கிடந்தது. மேட்டில் இருந்த குடிசையிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். நாற்பது வயது இருக்கும். புருஷன் இறந்துபோய்விட்டார், இரண்டு பெண்பிள்ளைகள். அந்த நிலம் அவருடையது.

"என்னன்னு சொன்னே கண்ணு?" என்று என்னிடம் கேட்டார்.

"தரிசுங்க."

"கண்ணு தெரியலயா? அது தூங்குது."

அங்கே ஒரு நிலம் மூன்று வருஷம் விளைந்தால் நான்கு வருஷம் சும்மா விடுவார்கள். அதைத் தூங்குகிறது என்பார்கள். தூங்கும் நிலத்தைக் கொத்த மாட்டார்கள், உழ மாட்டார்கள். அந்தச் சரிவு மூன்று வருஷம் தூங்கியிருந்தது. இன்னும் ஒரு வருஷம் மிச்சம்.

சர்வேயர் எழுந்து வந்து அவரிடம் பொறுமையாகவே சொன்னார். "தூங்குதுன்னு எழுத எடம் இல்லம்மா. பயிர்னு ஒரு கட்டம் இருக்கு, தரிசுன்னு ஒரு கட்டம் இருக்கு. ரெண்டுல ஒண்ணுதான்."

"மூணாவதா ஒரு கட்டம் போட்டுக்குங்க சாமி."

"கட்டத்த நான் போடலம்மா. அச்சடிச்சு வருது."

தரிசு என்று எழுதினால் அந்த நிலம் காட்டோடு சேர்ந்துவிடும். எல்லையில் கல் நட்டுவிடுவார்கள். மூன்றாம் நாள் பெரிய ஆபீசர் மலையேறி வந்து கையெழுத்துப் போடுவார், போட்டால் முடிந்தது. சர்வேயர் கெட்ட மனிதர் இல்லை. அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னார். "நாளைக்கு மாட்ட ஓட்டியாந்து நாலு சால் உழுது வையி. நான் பயிர்னு எழுதிடறேன்."

அந்த அம்மாள் திருப்பிக் கேட்டார். "தூங்கற புள்ளைய அடிச்சு எழுப்பி, அழவச்சு, உசுரோட இருக்குதுன்னு காட்டோணுங்களா?"

"வேற வழி இல்லம்மா."

"பாதியில எழுப்புன நெலம் அப்பறம் எந்திரிக்கவே எந்திரிக்காதுங்க. அத வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

மறுநாள் அவர் உழவில்லை. அதற்கு மறுநாளும் உழவில்லை. குடிசை வாசலில் உட்கார்ந்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். நான் சங்கிலியோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்னைப் பார்ப்பார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அன்றைக்குக் காலையில் கிளம்பியிருக்க மாட்டேன்.

பாதையில் இறங்கும்போது இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். சர்வேயர் கேட்டதெல்லாம் நியாயமான கேள்வி. அந்த அம்மாள் சொன்னதெல்லாம் நிஜம். இரண்டும் ஒன்றோடொன்று மோதவே இல்லை. மோதியிருந்தால் யாராவது ஒருவர் ஜெயித்திருப்பார், ஒருவர் தோற்றிருப்பார், தோற்றவர் மேலே போய்ச் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தையாவது கையில் இருக்கும். இவர் கையில் எதுவும் இல்லை. புத்தகத்தின்படி இவருக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை. யாரும் பயிர் வைக்காத நிலத்தை யாரும் பயிர் வைக்காத நிலம் என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இது புதிதும் இல்லை. பஞ்சாலையில் விரல் போன அன்று மேஸ்திரி கேட்டார்: மிஷின் ஓடும்போது கை வைத்தாயா, நிற்கும்போது வைத்தாயா? நின்ற மிஷினில்தான் வைத்தேன், வைத்த பிறகு அது ஓடியது. ஓடும்போது வைத்தேன் என்றால் தப்பு என் பேரில். நிற்கும்போது வைத்தேன் என்றால் நின்ற மிஷின் விரலை வெட்டாது, ஆகவே பொய். நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, அதைக் கேட்கிற கேள்வி அவரிடம் இல்லை. கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு வாரத்தில் வேறு ஊருக்குப் போனேன். அதை ஒரு அநியாயம் என்றுகூட அப்போது எனக்கு நினைக்கத் தெரியவில்லை. கை சரியில்லாத நாள் என்று நினைத்தேன்.

பாதி இறக்கத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. அங்கே ஒருவர் தலைச்சுமையோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு மிளகு மூட்டை, அதன்மேல் ஒரு பலாப்பழம். ஐம்பது வயதுக்காரர். சந்தைக்கு இறங்குகிறவர்.

"ஒரு கை குடு தம்பி," என்றார். நான் மூட்டையைப் பிடித்துக் கல்லின்மேல் இறக்கினேன். அவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான சங்கிலி புடிக்கறவன்? தரிசுன்னு கத்துனவன்?"

"ஆமாங்க."

"நல்ல தொண்ட. ஓடைக்கு அந்தப் பக்கம் எங்க ஊடு. அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு."

நான் பையைத் திறந்து ஒரு கிழங்கை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு கேட்டார். "அந்தப் புள்ள நெலம் என்னாச்சு? அவ எனக்கு அத்த மக."

"இன்னிக்கிச் சாயந்தரம் கையெழுத்தாகுதுங்க. நாளைக்குக் காட்டுக் கல்லு நட்டுருவாங்க."

கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "கல்ல எங்க நடுவாங்க?"

"ஓடைக்கரையிலதானுங்க."

"எந்த ஓட?"

"ஓட ஒண்ணுதானுங்களே இருக்குது."

"இப்ப ஓடறது ஒண்ணு. முன்ன ஓடுனது ஒண்ணு. எங்க அப்பாருக்கு அப்பாரு காலத்துல ஒரு மழையில ஓட எங்க பக்கம் நகந்து வந்துருச்சு. பழய ஓட இருந்த பள்ளம் இன்னும் கெடக்குது. அந்தப் பள்ளத்துக்கும் இந்த ஓடைக்கும் நடுவுல பதிமூணு மொழம். அது எங்களுது. அவ ஊட்டுக்காரங்க அவங்களுதுங்கறாங்க."

எனக்கு அந்த இடம் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு பலாமரம். சுற்றிலும் பழங்கள் விழுந்து கிடந்தன, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பழத்தை ஏன் யாரும் எடுக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே ஒன்றைப் பிளந்து வயிறு நிறையத் தின்றிருந்தேன். அதைச் சொன்னேன்.

"தின்னா தின்னுட்டுப் போ. வழிப்போக்கன் திங்கலாம். நாங்க ரெண்டு ஊடும்தான் தொடக்கூடாது. அந்த எடத்துல வெதைக்கவும் கூடாது."

"வழக்கு தீர்றவரைக்குமுங்களா?"

"தீர்றதா?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதெப்படித் தீரும்? ஓட நகந்தது நெசந்தான், நாங்களும் இல்லேங்கல, அவங்களும் இல்லேங்கல. நட்டம் யாருக்குங்கறதுதான சேதி. அத ஓடையத்தான் கேக்கோணும்."

பிறகு அவர் சொன்னதுதான் என்னை அந்தக் கல்லின்மேல் உட்கார வைத்தது. ஒவ்வொரு சித்திரையிலும், விதைப்புக்கு முன்னால், இரண்டு வீட்டுக்காரர்களும் ஓடையின் இரண்டு கரையிலும் வந்து நிற்பார்கள். ஊர்க்கவுண்டர் நடுவில் ஒரு பாறைமேல் நிற்பார். ஒருவர் மாற்றி ஒருவர் தங்கள் வழக்கைச் சொல்வார்கள், சத்தம் போடுவார்கள், ஏசிக்கொள்வார்கள். ஊர்க்கவுண்டர் தீர்ப்பு எதுவும் சொல்ல மாட்டார். எல்லாம் முடிந்ததும் "கேட்டாச்சு" என்பார். அந்த ஒரு சொல்லோடு சண்டை நின்றுவிடும். இரண்டு வீடும் சேர்ந்து ஒரே பானையில் பொங்கிய சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் தின்றுவிட்டுப் போவார்கள். ஒரு வருஷம் வந்து நிற்காவிட்டால் அந்த வீட்டின் வழக்கு அற்றுப்போகும்.

"நெலம் தூங்கற வருசத்துலயும் நிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"நெலந்தான தூங்குது, நாங்களுமா தூங்கறோம்? இந்தச் சித்திரையில கூட நின்னோம். அவ பேசுன பேச்சு இருக்குதே."

நான் எழுந்துவிட்டேன். சர்வேயர் புத்தகத்தின் கடைசியில் நான்கைந்து பக்கங்கள் தனியாக இருக்கும். எல்லைத் தகராறு இருந்தால் அதில் எழுத வேண்டும். எழுதிவிட்டால் பெரிய ஆபீசர் தானே அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும். தரிசு என்று கையெழுத்துப் போட முடியாது. வழக்கு மேலே போகும், மேலே இருந்து பதில் வரும்வரை நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே இருக்கும். வேறு இடத்தில் இரண்டு தடவை இப்படி நடந்ததைச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். யாருக்கும் இல்லாத நிலத்துக்குத் தகராறு வராது, அதுதான் அதில் உள்ள விஷயம்.

இதை அவருக்குச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"ஆபீசுல சொன்னா அவங்க தீத்து வச்சுருவாங்களே."

"ஆபீசருக்குத் தீக்கற அதிகாரம் இல்லீங்க. எழுதற அதிகாரம்தான்."

"நெசமாவா?"

"நெசமாங்க. நீங்க சொல்லாட்டி நாளைக்குக் கல்லு வரும். பதிமூணு மொழமும் காட்டோட போயிரும்."

அவர் மிளகு மூட்டையைக் கல்லின்மேல் இன்னும் உள்ளே தள்ளி வைத்தார். அவருக்கு வருத்தம் பதிமூன்று முழத்தைப் பற்றி மட்டும் இல்லை என்று பிறகு பேசியதில் தெரிந்தது.

"எங்கிட்ட தோக்க வேண்டியவ, போயும் போயும் ஒரு புஸ்தகத்துக்கிட்டத் தோக்கறதா? அப்பறம் சித்திரையில நான் போயி யாரோட நிக்கறது? மரத்தோடயா?"

மூட்டையைக் கல்லிலேயே விட்டு, ஒரு பச்சைக் கொத்தை ஒடித்து அதன்மேல் வைத்தார். பச்சை வைத்த மூட்டையை அந்தப் பாதையில் யாரும் தொட மாட்டார்கள். பலாப்பழத்தை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார். நானும் ஏறினேன். ஓர் இடத்தை விட்டுக் கிளம்பியவன் அன்றைக்கே அதே இடத்துக்குத் திரும்பி நடந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, ஆனால் காலையில் இருந்த பாரம் இல்லை.

ஊர்க்கவுண்டர் வீட்டில் ஒரு முட்டுக்கட்டை வந்தது. அவர் நெல்லிக்காய் வற்றலைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு வருசத்துல ரெண்டு தடவ நான் கேக்க முடியாது," என்றார்.

"நீங்க கேக்க வேண்டாமுங்க. ஆபீசர் கேட்டாப் போதும்," என்றேன்.

"அப்ப அவரு ஓடைக்கு வரோணும். கூடாரத்துல வச்சுச் சொன்னா அது வழக்கில்ல, வம்பளப்பு."

"வருவாருங்க."

"நான் பக்கத்துல நிப்பேன். பாறமேல ஏற மாட்டேன்," என்றார் அவர். அதோடு வற்றலுக்குத் திரும்பிவிட்டார்.

கூடாரத்தில் சர்வேயர் என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். "ஓடிட்டேன்னு நெனச்சேன்."

"ஓடினேங்க. பாதி வழியில ஒரு தகராறு கெடச்சுது, திரும்பிட்டேன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கேட்டார். "இது நெசச் சண்டையா, நீ ஜோடிச்சதா?"

"வந்து கேட்டுப் பாருங்க. ஜோடிக்க எனக்கு அவ்வளவு வசவு தெரியாதுங்க."

அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்து, அந்த நிலத்தின் எண்ணை எழுதி, அடியில் கோடு போட்டார். அந்தக் கோட்டைப் போடும்போது அவர் கை சற்று வேகமாக ஓடியதை நான் கவனித்தேன்.

பெரிய ஆபீசர் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். குடை, பூட்ஸ், சிவந்த முகம். பொழுது சாய்வதற்குள் கையெழுத்துகளை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். ஓடைக்கரைக்கு நடக்க வேண்டும் என்றதும், "இங்கேயே கூப்பிட்டு விசாரிக்கக் கூடாதா?" என்றார். சர்வேயர் விதியைச் சொன்னார். ஆபீசர் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செய்தி முன்னாலேயே போயிருந்தது. இருபது முப்பது பேர் நின்றார்கள். ஊர்க்கவுண்டர் சொன்னபடியே பாறைக்குப் பக்கத்தில், பாறைமேல் ஏறாமல் நின்றார். நிலத்துக்கார அம்மாளுக்கு மட்டும் எதற்கு என்று தெரியவில்லை. பெண்பிள்ளைகளோடு இந்தக் கரையில் நின்றுகொண்டு, அந்தக் கரையில் பலாப்பழத்தோடு நின்ற மாமன் மகனைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஏ புள்ள, கேக்குதா?" என்று மாமன் மகன் ஆரம்பித்தார்.

"சித்திரையிலயே பேசி முடிச்சாச்சே மச்சான். அதுக்குள்ள மறந்துபோச்சா?"

"எனக்கென்ன மறதி. நெலத்தக் காட்டுக்காரங்களுக்குத் தூக்கிக் குடுக்கப் போறியாமே. என்னோட பதிமூணு மொழத்தயும் சேத்துக் குடுக்க நீ யாரு?"

"உங்களோடதா?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. மூன்று நாளாக வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த பெண்ணா இது என்று நான் பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடைக்குள்ளேயே இறங்கிவிட்டார்.

"ஓடதான் எல்லைன்னு சொன்னது உங்க ஊட்டுப் பெரியவங்க. தண்ணி எங்க ஓடுதோ அதுதான் ஓட. காஞ்ச பள்ளத்தக் காட்டி ஓட ஓடன்னு சொல்லிக்கிட்டு நிக்கறது ஒலகத்துலயே நீங்க ஒருத்தருதான்."

"எங்க ஊட்டு ஆடு உங்க வாசல்ல வந்து படுத்தா வாசல் எங்களுதாயிருமா?"

"ஆடு படுத்தா சாயந்தரம் எந்திரிச்சுப் போகும். ஓட எந்திரிச்சுப் போச்சா?"

"சின்னப் புள்ளையில எங்கம்மா கையப் புடிச்சுக்கிட்டு இந்தக் கரையில நின்னு, பள்ளந்தான் எல்லைன்னு நீயும் கத்துனவதான?"

"அப்ப எனக்குப் புத்தி வரல."

"தாலி கட்டுனதும் வந்துருச்சாக்கும்."

"ஆமா. உங்க ஊட்டுக்கு வாக்கப்பட்டிருந்தா இன்னமும் வந்திருக்காது."

கூட்டம் சிரித்தது. மாமன் மகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அதை அடக்கிக்கொண்டு இன்னும் சத்தமாகப் பேசினார். இதில் நடிப்பு ஒன்றும் இல்லை. இருவருக்கும் உண்மையிலேயே கோபம் இருந்தது, அது அவர்கள் பிறப்பதற்கு முன்னாலேயே தொடங்கிய கோபம். நன்றாகப் பழகிய கருவி போல அது அவர்கள் கையில் இருந்தது.

ஆபீசர் குடையால் தரையைத் தட்டினார். "இந்த இடம் எவ்வளவு அகலம்?"

"பதிமூணு மொழம்," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

"இதற்குப் போய் இத்தனை தலைமுறையா? ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதிக்கொடுத்துவிடுகிறேன்."

சத்தம் நின்றது. இருவரும் திரும்பி ஆபீசரைப் பார்த்தார்கள்.

"பாதியா? அதெப்படிங்க?" என்றார் மாமன் மகன். "அப்ப ரெண்டு ஊட்டுப் பெரியவங்களும் பாதி பொய் சொன்னாங்கன்னு ஆயிருமே."

"வேணும்னா முழுசும் அவருக்கே குடுத்தாலும் குடுப்பேன், பாதி குடுக்க மாட்டேனுங்க," என்றார் அந்த அம்மாள்.

"நீ குடுத்தா நான் வாங்க மாட்டேன்."

ஆபீசர் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் மரத்தைப் பார்த்தார். ஆபீசருக்குக் கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சியிருந்தது. அதுதான் எல்லோரும் பயந்த கேள்வி. சரிவு முழுக்க நின்ற புல்லைக் குடையால் காட்டிக் கேட்டார். "நிலமே தரிசாகக் கிடக்கிறது. தரிசுக்கு எதற்கு எல்லைச் சண்டை?"

அந்த அம்மாள் மூன்று நாளுக்கு முன்னால் சொன்னதைத்தான் மறுபடி சொல்ல வேண்டும். அதைக் கேட்கக் காது இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

பதில் அந்தக் கரையிலிருந்து வந்தது. "தரிசுக்கு எவனாச்சும் சண்ட போடுவானுங்களா சாமி? இது அவ நெலம். அவ மாமனார் வெள்ளாம பண்ணுனாரு, புருசன் பண்ணுனான், இப்ப இவ பண்றா. அவளுது இல்லீன்னா எனக்கு அவகிட்ட என்ன வம்பு?"

அந்த ஊரிலேயே அந்த அம்மாளுக்குப் பாதகமாகப் பேச வேண்டியவர் அவர் ஒருவர்தான். அவரே சொல்லிவிட்டார். ஆபீசர் சர்வேயரிடம் கையை நீட்டினார். புத்தகத்தை வாங்கினார். தரிசு என்று இருந்ததைக் குறுக்கே அடித்தார். "அனுபோகத்தில் உள்ள நிலம். எல்லை தகராறில் உள்ளது" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். நான் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் ஐந்தாம் வகுப்பு அதற்குப் போதுமாக இருந்தது.

"சரி, போகலாம்," என்றார் ஆபீசர்.

யாரும் நகரவில்லை. அந்த அம்மாள் கணுக்கால் தண்ணீரில் நின்றார். மாமன் மகன் எதிர்க்கரையில் நின்றார். ஊர்க்கவுண்டர் கையைக் கட்டிக்கொண்டு ஆபீசரையே பார்த்தார்.

"இன்னும் என்ன?" என்றார் ஆபீசர்.

நான்தான் சொன்னேன். "கேட்டாச்சுன்னு நீங்க சொல்லோணுங்க. சொன்னாத்தான் இவங்க இங்கிருந்து நகருவாங்க."

"அதுதான் எழுதிவிட்டேனே."

"எழுதுனது உங்களுக்குங்க. சொல்றது இவங்களுக்கு."

ஆபீசர் என்னையும் சர்வேயரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்க்குள்ளேயே, "கேட்டாச்சு," என்றார்.

"காதுல விழுலீங்க," என்றார் ஊர்க்கவுண்டர்.

"கேட்டாச்சு." இந்தத் தடவை ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

கூட்டம் கலகலவென்று கலைந்தது. யாரோ சீழ்க்கை அடித்தார்கள். பெண்பிள்ளைகள் அம்மாவிடம் ஓடி ஓடைக்குள் குதித்தார்கள். மாமன் மகன் தோளில் இருந்த பலாப்பழத்தைப் பாறையில் வைத்து, அரிவாள் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். அது அவர் வீட்டு மரத்துப் பழம், எல்லோரும் தின்னலாம். அவர்கள் சொல் எதுவும் அந்தப் புத்தகத்துக்குள் போகவில்லை. ஆனால் புத்தகத்தைக் கொண்டுவந்தவர் வாயிலிருந்து அவர்கள் சொல் ஒன்று வந்தது. நான் பல ஊர்களில் பல விசாரணைகளின் ஓரத்தில் நின்றிருக்கிறேன். கேட்டவர் கேட்டேன் என்று ஒப்புக்கொண்டதை அங்கேதான் பார்த்தேன்.

அந்த அம்மாள் சேலையைப் பிழிந்துகொண்டே சர்வேயரிடம் வந்தார். "தூங்குதுன்னு எழுதுனீங்களா சாமி?"

"இல்லம்மா. தகராறுன்னுதான் எழுதியிருக்கு. நெலத்த யாரும் தொட மாட்டாங்க."

அவர் புல்லைப் பார்த்தார். "தலமாட்டுல நின்னுக்கிட்டு இத்தன சத்தம் போட்டோம். முழிச்சுக்காம இருந்தாச் சரி."

அவர் சொன்னது எழுதப்படவில்லை என்பதை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. என் விரலைப் பற்றி எழுதியதும் இன்றுவரை எங்கோ ஒரு நோட்டில் தப்பாகத்தான் இருக்கும். சரியாக எழுதப்படாத ஒன்றைக் காப்பாற்ற வேறு ஒன்றைச் சொல்லவேண்டி வந்தது. அதனால் என்ன, நிலம் நின்றது. அன்றைக்கு எனக்கு அது போதும், இன்றைக்கும் போதும்.

கேட்டாச்சு என்று சொல்லிவிட்டால் சேர்ந்து சாப்பிட்டாக வேண்டும். ஆகவே சித்திரை இல்லாமலே பானை ஏறியது. ஆபீசர் குடையோடு போய்விட்டார். சர்வேயர் இருந்து சாமைச் சோறு இரண்டு தடவை வாங்கித் தின்றார். கை கழுவும்போது என்னிடம் சொன்னார். "சொல்லாமப் போனவன மறுபடி சேக்க முடியாது, தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"தொண்ட நல்ல தொண்ட. பாத்து வச்சுக்க." அவ்வளவுதான். அவரை அப்புறம் நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து ஓடைக்குப் போனேன். மாமன் மகன் சுமைதாங்கிக் கல்லுக்கு இன்னும் கிளம்பவில்லை, எதிர்க்கரையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பதிமூன்று முழத்துப் பலாமரத்தடியில் ராத்திரி விழுந்த பழம் ஒன்று வெடித்துக் கிடந்தது. உட்கார்ந்து சுளை சுளையாக எடுத்து, அவசரமில்லாமல், முழுவதையும் தின்றேன். கையில் ஒட்டிய பாலை மண்ணில் தேய்த்துவிட்டு மேட்டுக் குடிசைக்கு நடந்தேன்.

அந்த அம்மாள் வாசலில் முள்வெட்டும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். தூங்கும் நிலத்துக்குள் ஆடு மாடு இறங்காமல் சுற்றிலும் முள்வேலி அடைக்க வேண்டும், ஆள் இல்லை என்று முந்தின நாள் சாப்பிடும்போது சொல்லியிருந்தார்.

"வேலைக்கு வாரேனுங்க," என்றேன்.

"எங்க ஊட்டுல வேலைக்குச் சேந்தா அந்த மரத்துப் பழம் ஒனக்கு இல்ல கண்ணு. தெரியுமா?"

"தெரியுங்க. தின்னுட்டுத்தான் வந்தேன்."

அவர் சிரித்துக்கொண்டே அரிவாளை என் கையில் கொடுத்தார். நான் சரிவில் இறங்கி முதல் முள்ளை வெட்டும்போதே அந்தக் கரையிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, வேலியப் பள்ளத்தோட நிறுத்திக்க."

மேட்டிலிருந்து உடனே பதில் வந்தது. "அவரு கெடக்கறாரு. நீ ஓட வரைக்கும் போடு கண்ணு."

நான் முள்கட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சரிவின் மேல்முனைக்கு நடந்தேன். வேலியை அங்கிருந்து கட்ட ஆரம்பித்தேன். ஓடைக்கு வந்து சேர எப்படியும் ஒரு வாரம் ஆகும்.